சிலிக்கான் வேலியில் சொந்த வீடு: கொடுத்த காசுக்குத் தகுமா?

கலிஃபோர்னியாவில் மாநில வருமான வரியின் உச்ச விகிதம் 13.3 சதவீதம். டெக்சாஸில் அந்த வரியே கிடையாது. இருந்தும் சிலிக்கான் வேலி ஊர்களான கூப்பர்ட்டினோ, சன்னிவேல் பக்கம் நன்றாகச் சம்பாதித்து வீடு வாங்கியவர்கள் பலர் நகர்வதாக இல்லை. வெயில் இதமானது, பள்ளிக்கூடங்கள் நல்லவை, சரி. உண்மையான பிடி வீட்டுக் கணக்கில் இருக்கிறது.

1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ‘புரொபோசிஷன் 13’ சட்டப்படி, வாங்கிய விலைதான் வீட்டின் வரி மதிப்பு, அதாவது சொத்து வரி போடும் மதிப்பு. அது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 2005-இல் 8 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு 2025-இல் 25 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வரி மதிப்பு 11.9 லட்சத்தைத் தாண்டாது. உள்ளூர்க் கூடுதல் வரிகளோடு 1.2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 14,300 டாலர். அதே மாதிரி பக்கத்து வீட்டை இன்று வாங்குகிறவர் 30,000 கட்டவேண்டும்.

விற்றால் என்ன ஆகும்? தம்பதிக்கு 5 லட்சம் டாலர் லாபம் வரை விலக்கு. மிச்சம் 12 லட்சத்துக்கு மத்திய வரியும் உண்டு, மாநில வரியும் உண்டு. மூலதன லாபத்துக்குக் கலிஃபோர்னியா தனிச் சலுகை தருவதில்லை. விற்காமல் வைத்திருந்தால், கணவன் மனைவியில் ஒருவர் காலமானதும் அடக்கவிலை (லாபத்தைக் கணக்கிட வாங்கிய விலையாக எடுத்துக்கொள்வது) அன்றைய சந்தை விலைக்கு மாறிவிடும். பத்திரத்தில் ‘கம்யூனிட்டி பிராப்பர்ட்டி’ (தம்பதியின் பொதுச் சொத்து) என்றிருந்தால் முழு வீட்டுக்கும் அப்படி. ‘ஜாயிண்ட் டெனன்சி’ (கூட்டு உரிமை) என்றிருந்தால் பொதுவாகப் பாதிக்குத்தான். லட்சக்கணக்கில் கோட்டை விடும் இடம் இது. பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள், மாற்ற வேண்டுமென்றால் வக்கீலிடம் போங்கள்.

55 வயதைத் தாண்டியவர்கள் ‘புரொபோசிஷன் 19’ மூலம் பழைய வரி மதிப்பை மாநிலத்துக்குள் வேறு வீட்டுக்கு எடுத்துப் போகலாம், மூன்று முறை வரை. எல்லை தாண்டினால் அது போச்சு.

வேலை விஷயத்திலும் இந்த ஊர் இழுத்துப் பிடிக்கிறது. போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற ஒப்பந்தம் இங்கே செல்லாது. அதனால் வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றாமலே வேலையை மாற்றலாம். ஆர்எஸ்யூ பங்குகள் (நிறுவனம் ஊழியருக்குச் சம்பளத்தின் பகுதியாகத் தவணையில் தரும் பங்குகள்) கைக்கு வருமுன் டெக்சாஸின் ஆஸ்டினுக்குப் போனாலும் வரி விடாது: கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த நாட்களுக்கான பங்கை மாநிலம் கேட்கும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ‘புரொபோசிஷன் 13’ சலுகையின் பலன் உடனே தெரியாது. பத்து வருடமாவது தங்கினால்தான் கணக்கு கூடிவரும். ஊர்ப் பெயரை நம்பிப் பள்ளியை முடிவு செய்யாதீர்கள். சன்னிவேலில் ஒரு பகுதி கூப்பர்ட்டினோ பள்ளி மாவட்டத்தில் வரும், மறுபகுதி வராது. வீட்டு எண்ணைக் கொடுத்துப் பள்ளி மாவட்டத்திடமே கேட்டு உறுதி செய்யுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது, தனியாக எடுக்கவேண்டும். வாங்கிய சில மாதங்களில் ‘சப்ளிமெண்டல்’ வரி பில் (பழைய வரி மதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்துக்கான சொத்து வரி) தபாலில் வரும். வீட்டுக்கடன் கொடுத்த வங்கி கட்டிவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் உரிமையாளரே நேரடியாகக் கட்டவேண்டியது; தவணை தவறினால் 10 சதவீதம் அபராதம்.