கீழக்கரையில் காத்திருப்பதா, மெல்பர்னில் காத்திருப்பதா?

எங்கள் ஊரில் சபர், அதாவது பிழைப்புக்காக வெளிநாடு போவது, ஆண்கள் சமாச்சாரம். துபாய், மலேசியா என்று அவர்கள் போவார்கள். பெண்கள் கீழக்கரையில் இருப்பார்கள். ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை எனக்கு அமைந்தபோதுதான், மனைவியும் கூடப் போகலாம் என்ற பேச்சே வீட்டில் எழுந்தது. நிக்காஹ் முடிந்த நாற்பதாம் நாள் அவர் மெல்பர்னுக்குத் திரும்பிவிட்டார். அப்புறம் எந்த விசா என்று ஒரு மாதம் போனிலேயே சண்டை போட்டோம்.

வழி இரண்டு. கணவன் அல்லது மனைவியோடு சேர்வதற்கான விசாக்கள் இவை; எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். ஊரில் இருந்துகொண்டே 309 விசாவுக்கு விண்ணப்பிப்பது ஒன்று. அது தற்காலிக விசா. விண்ணப்பித்து இரண்டு வருடமானதும் நிரந்தர விசாவான 100-க்குப் பரிசீலிப்பார்கள். சுற்றுலா விசாவில் போய் இறங்கி, அங்கிருந்தபடியே 820 போடுவது இன்னொன்று. அதன் நிரந்தரக் கட்டம் 801. நிச்சயமானவர்களுக்கு 300 என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. நிக்காஹ் ஆகாமல் எங்கள் ஊரில் யார் பெண்ணை அனுப்புவார்கள்? அதை விடுங்கள்.

கட்டணத்தில் வித்தியாசமில்லை. 2025-26-க்கு இரண்டுக்கும் 9,365 ஆஸ்திரேலிய டாலர். நிராகரித்தால் பணம் திரும்ப வராது. கேட்கும் ஆதாரங்களும் ஒன்றுதான்.

820-க்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது உண்மைதான். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்கலாம். சுற்றுலா விசா முடிந்ததும், 820 முடிவாகும்வரை தங்குவதற்கான பிரிட்ஜிங் விசா நடப்புக்கு வந்துவிடும், வேலைக்குப் போகலாம், அரசு மருத்துவத் திட்டமான மெடிகேரிலும் சேரலாம். ஆனால் சுற்றுலா விசா கேட்கும்போது 'பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்' என்றுதானே சொல்கிறோம்? மனதில் வேறு திட்டத்தோடு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது போக 8503 என்ற நிபந்தனை. விசாவில் அது இருந்தால், மேலும் தங்குவதற்கு அங்கிருந்து வேறு விசா கேட்க முடியாது. விலக்கு கிடைப்பது அபூர்வம். என் சாச்சி மகள் இதில் மாட்டிக்கொண்டாள். ஏஜென்ட் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. மூன்று மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, கடைசியில் அவளும் 309தான் போட்டாள்.

இதெல்லாம் இருந்தும் அவர் 820 பக்கமே சாய்ந்தார். என்னை 309-க்குத் தள்ளியது ஒரே ஒரு கேள்வி: காத்திருக்கும் காலத்தில் வீட்டில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

820 போட்டதும் கிடைப்பது பிரிட்ஜிங் விசாவில் ஏ வகை. நாட்டைவிட்டு வெளியே காலை வைத்தால் அது செத்துவிடும். போய்த் திரும்ப வேண்டுமானால் கிளம்பும் முன்பே காரணம் காட்டி பி வகை வாங்க வேண்டும். கல்யாணம் காட்சிக்கு அது சரிப்படும். மவுத்து (மரணம்) சொல்லிக்கொண்டா வருகிறது? எங்களில் மய்யித்தை அன்றோ மறுநாளோ அடக்கிவிடுவார்கள். இவருடைய நண்பரின் மனைவி, காரைக்குடிப் பெண், 820-இல் காத்திருந்தவர். தகப்பனார் இறந்த செய்தி வந்த பிறகு பி விசா கைக்கு வர நான்கு நாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு என்ன நடந்தது என்றால், விண்ணப்பித்த ஐந்தாம் மாதம் உம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன், மூன்று வாரம் நான்தான் பக்கத்தில். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவரும் 820 பற்றிப் பேசவில்லை.

காத்திருப்பு இனிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பதினான்கு மாதம். அவர் ஒருமுறை மூன்று வாரம் வந்தார். 309 கோப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று மறைக்காமல் எழுதி, சுற்றுலா விசாவில் நானும் இரண்டு மாதம் போய் வந்தேன். முன்பெல்லாம் 309 கையில் வரும் நேரத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்தாக வேண்டும். 2023 கடைசியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். 309-இன் மீது சொல்லப்பட்ட குறையில் பாதி அதோடு போயிற்று என்பது என் கணக்கு.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண் 820தான் வேண்டும் என்றால் நான் வாதாட மாட்டேன். மெடிகேர் சின்ன விஷயமில்லை; பிள்ளையோடு தனியாகக் காத்திருந்த அனுபவம் எனக்கு இல்லை. கணவர் சபரில் இருந்தே மூன்று வருடம் ஓடிப்போன தம்பதிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: விண்ணப்பிக்கும்போதே மணவாழ்வு மூன்று வருடம் ஆகியிருந்தால், இரண்டு வருடம் காக்கவைக்காமல் நிரந்தர விசாவையே கொடுக்கவும் கூடும்.

எந்த வழியானாலும் எங்கள் ஊர்ப் பெண்கள் திணறும் இடம் 'ஒரே குடித்தன' ஆதாரம். கூட்டு வாடகை ஒப்பந்தம், இருவர் பேரிலும் பில் என்று கேட்கிறார்கள். இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு உம்மா பேரில், ஈ.பி. கார்டு வாப்பா பேரில். கூட்டு பில்லுக்கு எங்கே போவது? இந்த வழக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதி, உம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கி, மாதாமாதம் அவர் அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கையும் சேர்த்தேன். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டு நகலோடு நிற்காமல், 2009-ஆம் வருடத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளரிடமும் பதிந்துவிடுங்கள். தொண்ணூறு நாளுக்குள் பதிவது நல்லது. எங்களுக்கு அவர் லீவு முடிவதற்குள் முடித்தாக வேண்டியிருந்தது. பெருநாள் விடுமுறை வேறு குறுக்கே வந்தது.

கைரேகைக்கும் மெடிக்கலுக்கும் நான் சென்னை போக வேண்டியிருந்தது. ராம்நாடு வரை பஸ், அங்கிருந்து ராத்திரி சேது எக்ஸ்பிரஸ். இரண்டுக்கும் தனித்தனி நாள் வாங்கி நான் இரண்டு தடவை அலைந்தேன். ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.