கரைச்சரிவில் புல்வெட்ட டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு: முன் வெயிட்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

காவிரி டெல்டாவில் டிராக்டர் கவிழ்வதைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பவர்கள், கொள்ளிடக் கரையை ஒட்டித் தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். வயல்தான் மட்டம், கரையிலிருந்து படுகைக்கு இறங்கும் நிலம் மட்டமல்ல. எங்கள் தென்னந்தோப்பின் மேற்பகுதி அத்தகைய சரிவில் இருப்பதால், அங்கே மண்டும் கோரையையும் நாணலையும் வெட்டுவதற்காக, ஸ்லாஷர் (சுழலும் அலகால் புல்வெட்டும் கருவி) பூட்டிய பழைய டிராக்டர் ஒன்றை எங்கள் வட்டாரத்து விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினோம். சரிவில் ஓட்டத்தான் வாங்குகிறோம் என்பதைத் தெளிவாகச் சொன்னோம். அவரும் அதற்கென்றே தனியாகப் பணம் பெற்று, பின் டயர்களில் தண்ணீர் நிரப்புவது, பின் சக்கர இடைவெளியை அகலப்படுத்துவது, முன் வெயிட் (வண்டியின் முன்பக்கத்தில் பூட்டும் எடை), வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புச் சட்டகம் ஆகிய நான்கையும் ரசீதில் எழுதிக் கொடுத்தார்.

இவற்றில் உண்மையாகச் செய்யப்பட்டது முன் வெயிட் மட்டுமே. புதிதாகச் சிவப்பு வண்ணம் பூசி, பார்த்தவுடன் கண்ணில் படும்படி பூட்டியிருந்தார்கள். “முன்னால இவ்வளவு வெயிட்டு இருக்குண்ணே, கரையில எங்க வேணும்னாலும் ஓட்டலாம்” என்று அவர் சொன்ன சொல்தான் மற்ற மூன்றையும் மறைத்த திரை.

முன் வெயிட் எதற்கு என்பதை விளக்கியாக வேண்டும். பின்னால் கனமான கருவியைத் தூக்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ முன்பக்கம் எழாமலும், ஸ்டியரிங் பிடிப்பு குறையாமலும் அது காக்கும். பக்கவாட்டுக் கவிழ்வை அது பெரிதாகத் தடுக்காது. முன் அச்சு நடுவில் ஒரே முளையில் தொங்கி இருபுறமும் ஆடும்படி அமைந்திருப்பதால், அந்த ஆட்டம் தன் எல்லையைத் தொடும்வரை முன் சக்கரங்கள் வண்டியைப் பக்கவாட்டில் தாங்குவதில்லை. நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டி நிற்பது, இரு பின் சக்கரங்களும் அந்த முளையும் சேர்ந்த முக்கோணத்தின் மீதுதான். வண்டியின் எடை மையத்திலிருந்து விழும் செங்குத்துக் கோடு அந்த முக்கோணத்தைத் தாண்டினால் வண்டி சாயும். ஆகவே சரிவில் உயிரைக் காப்பவை அகலமான பின் சக்கர இடைவெளியும், டயர்த் தண்ணீர்போலத் தாழ்வாகச் சேர்க்கப்பட்ட எடையுமே. நாங்கள் பணம் கொடுத்தும் கிடைக்காதவை இவ்விரண்டும்தான்.

முதல் முறை சரிவில் குறுக்காக ஓட்டியபோதே மேல்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஓட்டிய என் மைத்துனர் பதறாமல் ஸ்டியரிங்கைச் சரிவின் கீழ்நோக்கித் திருப்பி ஸ்லாஷரையும் தரையில் இறக்கியதால் வண்டி தப்பியது. மேல்நோக்கித் திருப்பியிருந்தால் உருண்டிருக்கும்.

மறுநாள் மெக்கானிக்கை அழைத்துப் பார்த்தபோது டயரில் தண்ணீரே இல்லை. வால்வு கீழே வருமாறு சக்கரத்தை நிறுத்தி ஊசியை அழுத்தினால் தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும். வந்தது வெறும் காற்று. (முறையாக நிரப்பினால், வால்வை உச்சியில் வைத்து, அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் அளவு தண்ணீர் ஏற்றுவார்கள்.) பின் சக்கரங்களின் டிஸ்க் (திருப்பிப் பூட்டினால் இடைவெளியை அகலப்படுத்தும் நடுத்தகடு) பழையபடியே உட்பக்கமாகப் பூட்டப்பட்டு, இடைவெளி 130 செ.மீ. அளவில்தான் இருந்தது. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள்: மேல் சக்கரம் 10 செ.மீ. உயரப் புற்றில் ஏறி, கீழ் சக்கரம் 15 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால், சரிவின் சாய்வோடு இன்னும் 11 பாகை சேர்ந்துவிடும். புல் மூடிய கரையில் நண்டு வளையும் எலி வளையும் முன்கூட்டியே தெரிவதில்லை. சேற்றுழவில் சட்டென்று திரும்புவதற்காகப் பிரித்து வைத்திருந்த இரு பிரேக் பெடல்களை மீண்டும் இணைக்கும் தாழையும் காணவில்லை.

எனக்கு மிகுந்த கோபம் மூட்டியது பாதுகாப்புச் சட்டகம் என்று பொருத்தியிருந்ததுதான். அது பட்டறையில் மெல்லிய குழாயை வளைத்துப் பற்றவைத்த வெயில் கூரை. வண்டி உருண்டால் ஓட்டுநர் மீது மடிவதைத் தவிர வேறு பயன் இல்லை, உயரத்தில் எடையைக் கூட்டுவது கூடுதல் கேடு. ஸ்வீடன் 1959 முதலே புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கிய சட்டகம், பின் அச்சு உறையோடு உறுதியாகப் பூட்டப்பட்டு வண்டியின் எடையைத் தாங்குவது. அதோடு சீட் பெல்ட்டும் அணிந்தால்தான் ஓட்டுநர் அந்தக் காப்புக்குள் இருப்பார். எங்கள் வண்டியில் பெல்ட்டும் இல்லை.

விற்பனையாளரிடம் கேட்டபோது, பழைய வண்டிக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். வண்டி பழையதாக இருக்கலாம். பணம் வாங்கியது புதிய வேலைக்கு. ரசீது, வால்வைத் திறந்து எடுத்த காணொளி, மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றுடன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இத்தகைய புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் விவரம் கேட்கலாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய வண்டி என்பதை மனுவில் எழுத மறக்காதீர்கள். வணிக நோக்கம் என்று சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

வாங்கப் போகிறவர்கள் தண்ணீர் நிரப்புவதையும் டிஸ்க்கைத் திருப்புவதையும் தங்கள் கண்முன்னே செய்யச் சொல்லி, டேப் வைத்து அளந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். சக்கரத்தை இடம் மாற்றும்போது டயர்ப் பட்டையின் திசை தலைகீழாகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த விற்பனையாளரின் முற்றத்தில் சிவப்பு வெயிட் பூட்டிய வேறு இரு வண்டிகள் சென்ற வாரமும் விற்பனைக்கு நின்றிருந்தன.