ஹாரிஸ் பருந்துக்கு வாங்கிய குளியல் தொட்டி: ஓராண்டுக்குப் பிறகு

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பெட்டை ஹாரிஸ் பருந்து ஒன்றை வளர்த்து, குளிர்காலத்தில் முயல் வேட்டைக்குப் பறக்கவிட்டு வருகிறேன். அதற்காக வாங்கிய கண்ணாடியிழைத் தொட்டியைப் பற்றி ஓராண்டு கழித்தே எழுதுகிறேன்; தண்ணீர்த் தொட்டியின் குணம் கோடையில் ஒரு விதமாகவும் உறைபனியில் வேறு விதமாகவும் தெரியும்.

வட்டத் தொட்டி, விட்டம் 70 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 38 லிட்டர் பிடிக்கிறது. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள என் பறவைக்கு இந்த அளவு பொருந்துகிறது. தொடை நனைய நின்று, மார்பைத் தாழ்த்தி, சிறகடித்து முதுகில் நீரை வாரிப் போட்டுக்கொள்ளும்போது அதற்கு இடம் போதாமல் போவதில்லை. பல நாள் குளிக்காத பறவை, வேட்டையை மறந்து ஓடையைத் தேடிப் போய்விடக்கூடும் என்பதால், எனக்கு இது அழகுப் பொருள் அன்று.

பெரிய குறை ஒன்று: அடியில் வடிகால் துளை இல்லை. செய்தவரிடம் கேட்டபோது, துளையிட்டால் கசியும் என்று பதில் வந்தது. அவர் 38 கிலோ தண்ணீரைத் தினமும் சாய்த்துப் பார்த்ததில்லை போலும். சாய்த்த நீர் முழுவதும் பறவை அமரும் தாங்கியைச் சுற்றியே தேங்கி, முதல் மாதத்திலேயே புல்தரை சேறாகிவிட்டது. இப்போது பாதியை வாளியில் மொண்டு அகற்றிய பிறகே கவிழ்க்கிறேன்.

தினமும் மாற்றித்தான் ஆகவேண்டுமா என்றால், ஆம். இரைகொல்லிப் பறவைகள் இறைச்சியின் ஈரத்தோடு நிறைவடைந்துவிடும், நீர் குடிக்கா என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. பெரும்பகுதி ஈரம் இரையிலிருந்து கிடைப்பது உண்மையே. எனினும் வெயில் நாள்களில் என் பருந்து தொட்டியில் இறங்குமுன் இரண்டு மூன்று வாய் குடிப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். எச்சமும் இறைச்சித் துணுக்கும் விழுவது அதே நீரில்தான். காட்டுப் புறாக்களும் அங்கே வந்து அலகை நனைக்கின்றன. அவை சுமந்து வரும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, பருந்தின் வாயிலும் தொண்டையிலும் வெண்படலமாய்ப் பரவி உணவை விழுங்க முடியாமல் செய்துவிடும். ஆகவே பறவை தன் கூண்டுக்குள் போனதும் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறேன். வழக்கத்துக்கு மாறாக அது ஓயாமல் குடிக்கத் தொடங்கினால், தொட்டியைப் பார்க்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உட்புறம் வெளிர் நிறமாக இருப்பது இத்தொட்டியின் பெருஞ்சிறப்பு. பாசியும் அழுக்கும் உடனே தெரிகின்றன. ஆனால் அடிப்பகுதி வழுக்குகிறது. ரப்பர் விரிப்பைப் போட்டபோது அதன் அடியில் வழவழப்பு படிந்ததால், தட்டையான கல் ஒன்றை வைத்திருக்கிறேன். அதையும் சேர்த்தே தேய்த்துக் கழுவுகிறேன். கடும் உறைபனியிலும் விரிசல் விடவில்லை. இருந்தாலும் குளிர்காலத்தில் காலையில் மட்டுமே நீர் வைக்கிறேன். இருட்டுமுன் இறகுகள் உலர்ந்தாக வேண்டும்.

ஹாரிஸ் பருந்து வைத்திருப்போர், தினமும் மொண்டு ஊற்றச் சலிப்பில்லை என்றால் வாங்கலாம். சுமார் 200 கிராம் எடையுள்ள கெஸ்ட்ரல் என்ற சிறிய இரைகொல்லிப் பறவையை வளர்ப்போருக்கு இது வீண்செலவு. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலத் தட்டே அதற்குப் போதும்.