விபிஎஸ்ல (லீவுல பசங்களுக்கு சர்ச்ல நடத்துற பைபிள் ஸ்கூல்) பாத்த கோமாளி ஸ்கிட், 4/5

எங்க சர்ச் விபிஎஸ்க்கு வெளியூர் டீம் ஒண்ணு வந்து பைபிள்ல லூக்கா 10ல வர்ற நல்ல சமாரியன் கதைய (வழியில அடிபட்டு கிடக்குறவன, யூதர்களுக்கு ஆகாத சமாரிய இனத்துக்காரன் காப்பாத்துற கதை) ஒரு வார்த்தை பேசாம பண்ணாங்க, சும்மா சொல்லக்கூடாது, செமயா இருந்துச்சு. அடிபட்டு கிடக்குறவன் முகத்துல வெறும் வெள்ளை பெயிண்ட், ஆசாரியன் (யூத கோயில் பூசாரி) வாட்ச்ச பாத்துட்டு ஒதுங்கிப் போறான், லேவியன் (கோயில் ஊழியக்காரன்) கிட்ட வந்து எட்டிப் பாத்துட்டு நைசா நழுவுறான், பசங்க "டேய் தூக்குடா"ன்னு கத்துறாங்க. சமாரியன் கட்டு போடும்போதே தன் கன்னத்து சிவப்ப விரல்ல தொட்டு அவன் கன்னத்துல வைக்கிறான் பாருங்க, அங்கதான் ஸ்கோர் பண்ணிட்டாங்க. சத்திரக்காரன் சீன் மட்டும் சொதப்பல், அடிபட்டவன பாத்துக்கச் சொல்லி சமாரியன் ரெண்டு பணம் குடுத்துட்டு, மேல ஆகுற செலவ திரும்பி வரும்போது தர்றேங்கறது சைகையில பெரியவங்களுக்கே புரியல, ஸ்பீக்கர் சவுண்டு வேற காத கிழிச்சுது. குட்டிப் பசங்கள முன் வரிசையில உக்கார வைக்காதீங்க, மேக்கப்ப பாத்து அழுவுதுங்க.