அரீத்தா ஃபிராங்க்ளினின் 'ஹூஸ் ஜூமின் ஹூ?': பல்லாண்டு கேட்ட அனுபவம்

அமெரிக்க சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் பாடி, அரிஸ்டா நிறுவனம் 1985-இல் வெளியிட்ட இந்த ஆல்பத்தை முதலில் கேசட்டிலும், பிறகு சிடியிலும், இப்போது இணையத்திலுமாகப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். வெளிவந்தபோது விமர்சகர்கள் பலர் இதை அரீத்தாவின் மறுவருகை என்று வரவேற்றார்கள். 1960-களில் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக அவர் பாடிய பதிவுகளில் ஊறிய சோல் (தேவாலயப் பாடலில் வேரூன்றிய கறுப்பின அமெரிக்கரின் இசை) ரசிகர்கள் சிலருக்கோ, தேவாலயத்தில் வளர்ந்த குரல் டிரம் மெஷினுக்கும் சிந்தசைசருக்கும் அடங்கிப்போனதாகவே பட்டது. அந்த வருத்தத்தில் ஒரு பாதி நியாயம் என்றும், குரல் அடங்கிப்போனது என்ற மறு பாதி முற்றிலும் தவறு என்றும் எனக்கு இன்று உறுதியாகத் தோன்றுகிறது.

நடன இசை அவருக்குப் புதிதன்று. 1979-இல் டிஸ்கோவை நம்பி அவர் வெளியிட்ட 'லா திவா' ஆல்பம் எடுபடவில்லை. இந்த முறை பெரும்பாலான பாடல்களைத் தயாரித்த நாராடா மைக்கேல் வால்டன் அடிப்படையில் ஒரு டிரம்மர் என்பதால், தாளம் இறுக்கமாக இருந்தும் பாடகிக்கு வேண்டிய இடத்தை விட்டே கட்டப்பட்டிருக்கிறது. விமானப் பயணத்துக்கு அஞ்சிய அரீத்தா தம் குரலைத் தம் ஊரான டெட்ராய்ட்டிலேயே பதிவு செய்தார்.

'ஃப்ரீவே ஆஃப் லவ்' பாடலைக் கவனித்துக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். தாளம் இம்மியும் நகராமல் நிற்க, அவர் ஒரு சொல்லைச் சற்றே தாமதித்து வைக்கிறார், அடுத்ததை முந்திப் பிடிக்கிறார். கிளாரன்ஸ் கிளமன்ஸின் சாக்ஸபோன் நுழைந்த பிறகும் பாட்டின் கடிவாளம் அவர் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் தரவரிசைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்று, அவருக்கு ஒரு கிராமி விருதையும் பெற்றுத் தந்த இப்பாடல் இன்றும் எனக்குச் சலிக்கவில்லை.

சலித்தவையும் உண்டு. எதிரொலி ஏற்றிய அந்தக்கால டிரம் ஓசை, இயர்போனில் ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டால் காதை அயர்த்துகிறது. 'அன்டில் யூ சே யூ லவ் மீ' பாடலை நான் பெரும்பாலும் தாண்டிவிடுகிறேன். ராக் பாடகர் பீட்டர் வுல்ஃபுடன் அரீத்தா பாடிய 'புஷ்' பாடலில் கார்லோஸ் சந்தானாவின் கிட்டார் இருந்தும், எனக்கு மனத்தில் ஒட்டவில்லை.

அன்றைய நடனப் பாடல்களின் ஆரவாரத்தில் போதிய கவனம் பெறாதவை, அரீத்தா தாமே தயாரித்த இரண்டு பாடல்கள் என்பேன். வேன் மெக்காய் எழுதிய 'ஸ்வீட் பிட்டர் லவ்' பாடலை அவர் 1960-களில் கொலம்பியா நிறுவனத்தில் இருந்தபோதே பாடியிருந்தார். இங்கே அதே பாடல், காதலில் அடிபட்டு மீண்ட நடுவயதுப் பெண்ணின் நிதானத்தோடு வருகிறது. மேலே தாவும் இடங்களை அவர் அவசரப்படாமல் காத்திருந்து எடுக்கிறார். இறுதிப் பாடலான 'இன்டெக்ரிட்டி' அவரே எழுதியது. அதில் டிரம்பெட் வாசித்தவர் ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி. இந்த ஆல்பத்தைப் புதிதாகக் கேட்க விரும்புவோர், இயர்போனை விடுத்து நல்ல ஸ்பீக்கரில், இவ்விரண்டிலிருந்து தொடங்கிப் பிறகு நடனப் பாடல்களுக்கு வருவது நல்லது.