டிரெய்லர் மாட்டினால் குந்தும் பிக்கப்: ஏர்பேக் போட்டு ஓட்டிய அனுபவம்

பின்பக்கம் குந்தி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பிக்கப்பைப் பார்த்தால் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம் ஏர்பேக், அதாவது பின் சஸ்பென்ஷனில் பொருத்திக் காற்றடிக்கும் ரப்பர் பை. நானும் அதைத்தான் போட்டேன், திருப்தியாகவே ஓட்டுகிறேன். ஆனால் வண்டி மட்டமாக நிற்பது வேறு, எடை சரியாகப் பிரிந்து நிற்பது வேறு. ஏர்பேக் முதலாவதை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் (டிரெய்லரை மாட்டும், வண்டியின் பின்னால் உள்ள உருண்டை) மேல் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். என் டிரெய்லர் சரக்கோடு 2,500 கிலோ, பந்தின் மேல் 300 கிலோ. பந்து, பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது, வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே உள்ள தூரம்) 3.2 மீட்டர். 300-ஐ 1.2-ஆல் பெருக்கி 3.2-ஆல் வகுத்தால் சுமார் 112. அத்தனை கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழன்று பின்னால் போய்விடுகிறது. பின் ஆக்சில் சுமப்பது 300 இல்லை, 412. ஸ்டியரிங் லேசாவதும், ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணைக் குத்துவதும், முன் பிரேக்கின் பிடி குறைவதும் இதனால்தான்.

அதனால் டேப்பை எடுத்துக்கொண்டு நான்கு சக்கரத்திலும் அளக்க வேண்டும். ஹப்பின் (சக்கரத்தின் மையம்) நடுவிலிருந்து, சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் டயர் காற்று குறுக்கே வராது. டிரெய்லர் மாட்டியதும் என் வண்டியில் பின்பக்கம் 67 மி.மீ. இறங்கியது, முன்பக்கம் 20 மி.மீ. ஏறியது. பேக்கில் 45 பி.எஸ்.ஐ. ஏற்றினேன், பின்பக்கம் அழகாக மட்டத்துக்கு வந்தது. முன்பக்க அளவு? அசையவே இல்லை.

அந்த 112 கிலோவை முன்னால் திருப்பி அனுப்பும் வேலை வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சினுடையது. அதன் ஸ்பிரிங் பார்கள் வளைந்து விறைக்கும்போது சுமையில் ஒரு பங்கை முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளும். வண்டியின் கையேடு இதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். மாட்டும் வரிசையும் முக்கியம்: பேக்கில் குறைந்தபட்சக் காற்றை மட்டும் விட்டு, முன்பக்க அளவைப் பார்த்தபடி பார்களை முறுக்க வேண்டும். காற்று கடைசியில்தான். முதலிலேயே ஏற்றிவிட்டால் பின்பக்கம் ஏற்கெனவே நிமிர்ந்து நிற்கும், பார்களை எவ்வளவு முறுக்குவது என்றே தெரியாது. இந்த வரிசைக்கு வந்த பிறகு எனக்கு 25 பி.எஸ்.ஐ. போதுமானதாக இருக்கிறது. ஸ்டியரிங்கில் பழைய கனம் திரும்பிவிட்டது.

பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை (லீஃப்) சேர்த்திருக்கலாமே என்பார்கள். நாள் முழுக்கச் சுமையோடு ஓடும் வண்டிக்கு அது நல்ல வழி. என்னுடையது பாதி நாள் காலியாக ஓடுகிறது. பட்டை ஏற்றினால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் விழும். பேக்கில் 5 பி.எஸ்.ஐ. இருக்கும்போது காலி வண்டியில் வித்தியாசமே தெரிவதில்லை. ஆனால் காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டக் கூடாது. ரப்பர் மடிந்து நசுங்கிக் கிழியும்.

இன்னொன்று, காலியாக நிற்கும்போதே வண்டி தொங்கினால் பட்டை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பட்டையைக் கழற்றி வளைவு ஏற்ற வேண்டும், அல்லது ஸ்பிரிங் தொகுப்பையே மாற்ற வேண்டும். பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டும் புதிதாகவே போட வேண்டும். பேக் போட்டு மறைக்கிற விஷயமில்லை. அதேபோல் பேக் போட்டதால் வண்டியின் தாங்கு எடை ஒரு கிலோகூட அதிகமாகாது. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருப்பதுதான் எல்லை.

சில பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி, பிரேக் வால்வுக்குப் போகும். சுமை ஏறி வண்டி இறங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. பேக் வண்டியைத் தூக்கிப் பிடித்தால் வால்வு காலி வண்டி என்று நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் மந்தமாகும். இந்தக் கம்பி இருக்கிறதா என்று பேக் மாட்டும் முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பில் பெரும் தொல்லை கசிவுதான், அதுவும் பெரும்பாலும் பேக்கில் இல்லை, டியூப் முனையில். கத்தரியால் வெட்டிய முனை கோணலாகி ஃபிட்டிங்கில் சரியாக உட்காராது. கூர்மையான பிளேடால் நேராக வெட்டிச் சொருகி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். டியூப் சைலன்சர் குழாய்ப் பக்கம் போகாமல் கட்டுங்கள். இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனி டியூப் வைத்திருக்கிறேன். ஒன்றாக இணைத்தால் வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். சேறு காய்ந்து பிராக்கெட்டில் கல் ஒட்டிக்கொண்டால் ரப்பரை அரிக்கும், கழுவும்போது அங்கேயும் தண்ணீர் அடிக்க வேண்டும்.

கேபினுக்குள்ளிருந்தே காற்றடிக்கும் கம்ப்ரசர் கிட் நான் வாங்கவில்லை. பேக்கின் கொள்ளளவு சின்னது, சாதாரண கைப்பம்பே போதும். அளவு சின்னது என்பதால் கேஜை வைத்து எடுக்கும்போதே இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. போய்விடும், அதையும் சேர்த்தே அடிக்கிறேன்.