இரைச்சலை நிறுத்திய சின்னப் பெட்டி

மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரில் இருந்து ரெக்கார்டருக்கு நேராக ஒயர் இழுத்தே பல கச்சேரிப் பதிவுகளைக் கெடுத்திருக்கிறேன். ஒன்று 'ம்ம்ம்' என்று எர்த் ஒயர் வழியாக வரும் இரைச்சல், இல்லையென்றால் ஒலி உடைந்துபோகும். மிக்சர் தரும் சிக்னல் அளவு +4 டிபியூ (dBu). சாதாரண ரெக்கார்டரின் லைன் இன்புட் எதிர்பார்ப்பது -10 டிபிவி (dBV); அலகு வேறு என்பதால் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12 டெசிபல் குறைவு. நேரடி மின் இணைப்பு இல்லாமல் ஒலி சிக்னலை மட்டும் கடத்தும் இந்த இரட்டைச் சானல் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை நடுவில் மாட்டியதும் இரைச்சல் சட்டென்று நின்றது. பேட்டரியும் வேண்டாம், அடாப்டரும் வேண்டாம்.

20 டெசிபல் குறைக்கும் பொத்தானை மட்டும் அடியில் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேடினேன். அப்புறம், சின்ன அரங்கில் மிக்சர் ஒலியில் குரல்தான் தூக்கலாக இருக்கும், டிரம்ஸ் அமுங்கிவிடும். அதற்குப் பெட்டி என்ன செய்யும்? தனியாக இரண்டு மைக் வைத்துப் பிறகு கலந்துகொள்கிறேன்.